மோனலிசாவில் ரகசியக் குறியீடு இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணுக்குள் எழுத்து, பாலத்துக்கு அடியில் எண், கண்ணாடியில் காட்டினால் வேற்றுக்கிரகவாசி என்று மோனலிசாவைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்திகளுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் அதிகம் கேட்கப்படுபவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த பல விஷயங்கள் உண்மையிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால், அவற்றில் ஒன்றுகூட யாருக்கோ எழுதிவைத்த சேதி அல்ல. எல்லாமே ஓவியர் லியோனார்டோ டா வின்சி எப்படி வரைந்தார் என்பதைக் காட்டும் தடயங்கள்.

படத்தில் இருப்பது யார் என்பதே இன்னும் தெரியாதாமே?

தெரியும். லிசா கெரார்தினி. 1479-இல் ஃபிளாரன்ஸில் பிறந்தவர். 1495-இல், பதினைந்து வயதில், ஃபிரான்செஸ்கோ தெல் ஜோகோண்டோ என்ற பட்டு வணிகருக்கு வாழ்க்கைப்பட்டார். ஃபிரான்செஸ்கோவுக்கு இது முதல் கல்யாணம் அல்ல. இத்தாலியில் இந்தப் படத்துக்கு 'லா ஜோகோண்டா' என்ற பெயர் வந்ததும் இந்தக் குடும்பத்தால்தான்.

சந்தேகம் கிளம்பியதற்கு நியாயமான காரணம் இருந்தது. இது லிசாவின் உருவம் என்று முதலில் அச்சில் எழுதியவர் ஜோர்ஜோ வசாரி. அவருடைய 'ஓவியர்களின் வாழ்க்கை' நூல் வந்தது 1550-இல். வசாரி பிறந்ததோ 1511-இல். அவர் விவரம் அறிவதற்குள் லியோனார்டோ படத்தையும் தூக்கிக்கொண்டு பிரான்ஸுக்குப் போய்விட்டார். கண்ணால் பாராத படத்தைக் காதால் கேட்டு எழுதியவரின் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது?

இதற்கு விடை 2005-இல், ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் கிடைத்தது. பண்டைய ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்கள் அடங்கிய ஒரு பழைய அச்சுப் புத்தகத்தின் ஓரத்தில், அகொஸ்தினோ வெஸ்பூச்சி என்பவர் கைப்பட ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார். இவர் அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியிடம் உதவியாளராக வேலை பார்த்த ஃபிளாரன்ஸ் அரசு எழுத்தர். பண்டைய கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் வீனஸின் தலையையும் மார்பையும் அழகாக முடித்துவிட்டு மீதியை அரைகுறையாக விட்டதாக சிசரோ எழுதியிருக்கிறார். அந்த இடத்துக்கு நேராக வெஸ்பூச்சி எழுதியதன் சாரம் இது: லியோனார்டோவும் எல்லாப் படங்களிலும் இப்படித்தான் செய்கிறார், லிசா தெல் ஜோகோண்டோவின் தலையும் மரியாளின் தாய் அன்னாவின் தலையும் உதாரணம். கீழே தேதியும் இருக்கிறது: அக்டோபர் 1503.

எந்த உள்நோக்கமும் இல்லாமல், படித்துக்கொண்டிருந்தவர் போகிறபோக்கில் கிறுக்கிய வரி. சாட்சியாக இதைவிட நல்லது அமையாது. லியோனார்டோ 1503-இல் லிசாவை வரைந்துகொண்டிருந்தார் என்பது இத்தோடு முடிந்த விஷயம். இருந்தாலும் ஒரு சிறிய இடைவெளி இன்னும் அடைபடவில்லை. அதைக் கடைசியில் பார்ப்போம்.

கண்ணுக்குள் எழுத்துகள் இருப்பது உண்மையா?

2010 டிசம்பரில் உலகம் முழுக்கச் செய்தியான கதை இது. சொன்னவர் சில்வானோ வின்செத்தி. இத்தாலியின் பண்பாட்டு மரபுக்கான தேசியக் குழு என்ற அமைப்பின் தலைவர். பெயர் அரசு நிறுவனம் போல ஒலிக்கும், ஆனால் அது தனியார் அமைப்பு. வலது கண்ணில் 'எல்', 'வி' என்ற எழுத்துகளும், இடது கண்ணில் 'சி', 'ஈ' அல்லது 'பி' போன்ற ஒன்றும், பின்னணியில் உள்ள பாலத்தின் வளைவில் '72' என்ற எண்ணும் இருப்பதாக அவர் அறிவித்தார். அந்த எண்ணை 'எல்', '2' என்றும் படிக்கலாமாம். ஒரே குறி இரண்டு விதமாகப் படிக்கப்படும்போதே நாம் கொஞ்சம் உஷாராக வேண்டும்.

அவர் ஆராய்ந்தது மிகவும் பெரிதாக்கப்பட்ட டிஜிட்டல் படங்களை. படம் இருக்கும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் அடுத்த மாதமே பதில் சொன்னது. 2004-லும் 2009-லும் செய்யக்கூடிய ஆய்வகச் சோதனை அனைத்தும் செய்தாகிவிட்டது. எழுத்தோ எண்ணோ எதுவும் அகப்படவில்லை. மரப்பலகையில் தீட்டிய வண்ணம் வயதாகி ஏராளமான விரிசல் விட்டிருக்கிறது. அந்த விரிசல்கள் காட்டும் வடிவங்களுக்கு ஆளாளுக்கு அளவுக்கு மீறிப் பொருள் சொல்கிறார்கள் என்பதுதான் பதில்.

எனக்கு இதில் லூவர் சொல்வதே சரி. மோனலிசா துணியில் வரைந்தது அல்ல, 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்ட ஒற்றைப் பாப்லர் மரப்பலகை. மரம் ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். ஐந்நூறு ஆண்டில் இறுகிப்போன வண்ணத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, வெடிக்கும். படம் முழுவதும் சிலந்தி வலை போல அந்த வெடிப்புகள் ஓடுகின்றன. அவற்றில் ஒரு கண்மணியின் பரப்பை மட்டும் எடுத்துத் திரை நிறையப் பெரிதாக்கினால், கோடும் வளைவும் சேர்ந்து ஏதோ ஒரு எழுத்து வந்தே தீரும். நம்மூர் எழுத்துகளில் வளைவு அதிகம். தேடினால் 'வ'வும் 'ழ'வும்கூடக் கிடைக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை. கறை படிந்த சுவர்களையும் பலவகைக் கற்கள் கலந்த சுவர்களையும் உற்றுப் பார், மலையும் ஆறும் போர்க்களமும் விசித்திர முகங்களும் தெரியும் என்று இளம் ஓவியர்களுக்கு யோசனை சொன்னவரே லியோனார்டோதான். கற்பனையைக் கிளப்பிவிட அவர் சொன்ன பயிற்சி அது. அதை அவர் படத்தின் மீதே செய்துவிட்டு, கண்டுபிடிப்பு என்று அறிவிக்கிறோம்.

படத்தைக் கண்ணாடியில் காட்டினால் வேறு உருவம் தெரிகிறதே? நானே செய்து பார்த்தேன்.

தெரியும். எந்தப் படத்தையும் பாதியாக வெட்டி, அதன் பிம்பத்தைப் பக்கத்தில் ஒட்டினால் இடமும் வலமும் ஒத்த ஒரு வடிவம் கிடைக்கும். அப்படி ஒத்த வடிவம் எதைக் கண்டாலும் நம் மூளை அதை முகமாகப் படிக்கும். உங்கள் வீட்டுத் திரைச்சீலையைப் படம் பிடித்து இதே வேலையைச் செய்யுங்கள், அதிலும் ஒரு அசுரன் வருவான்.

இந்தக் கதைக்குப் பலம் தருவது லியோனார்டோவின் கண்ணாடி எழுத்து. இடக்கைக்காரரான அவர் தன் குறிப்பேடுகளை வலமிருந்து இடமாக, எழுத்துகளைத் திருப்பிப்போட்டே எழுதினார். அப்படி ஏழாயிரம் பக்கங்களுக்கு மேல் நம்மிடம் இருக்கின்றன. மொத்தமும் ரகசியக் குறியீடு என்றால் இவ்வளவு பக்கம் எதற்கு? ஈர மை கையில் ஒட்டாமல் எழுத இடக்கைக்காரர் ஒருவருக்கு அது வசதி. ஓவியம் வரையும்போது பக்கத்தில் கண்ணாடி வைத்துப் பார்க்கும்படி அவர் சொன்னதும் உண்மைதான். காரணத்தையும் அவரே சொல்கிறார்: திருப்பிப் பார்த்தால் தன் படமே வேறொருவர் வரைந்தது போலத் தெரியும், குறைகள் பளிச்சென்று கண்ணில் படும்.

'மோனா லிசா' என்ற பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டால் எகிப்தியக் கடவுள்களின் பெயர் வருகிறதாமே?

2003-இல் வெளிவந்து உலகம் முழுக்க விற்ற ஒரு ஆங்கில மர்ம நாவலால் பரவிய பேச்சு. அந்தப் பெயரை லியோனார்டோ தன் படத்துக்கு வைக்கவே இல்லை. அவர் இறந்து 31 ஆண்டு கழித்து வசாரி எழுதிய பெயர் அது. வைக்காத பெயருக்குள் எதை ஒளித்துவைப்பார்?

அந்தச் சிரிப்பின் மர்மம்தான் என்ன? ஒரு சமயம் சிரிக்கிறாள், ஒரு சமயம் இல்லை.

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. சிரிப்பு உண்மையிலேயே வந்து போகிறது.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் 2000-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நாம் நேராக உற்றுப் பார்க்கும் இடத்தில் கண் நுணுக்கமான கோடுகளைப் பிடிக்கிறது. ஓரப்பார்வையில் நுணுக்கம் போய்விடும்; பெரிய நிழலும் வெளிச்சமும் மட்டுமே நிற்கும். மோனலிசாவின் சிரிப்பு உதட்டுக் கோட்டில் இல்லை, கன்னத்தில் படிந்த நிழலில் இருக்கிறது. நீங்கள் அவள் கண்ணைப் பார்க்கும்போது வாய் ஓரப்பார்வைக்குப் போகிறது, நிழல் ஓங்குகிறது, சிரிக்கிறாள். சரி, சிரிப்பைப் பிடிப்போம் என்று வாயை நேராகப் பார்த்தால் கோடு ஓங்கி நிழல் அடங்கிவிடுகிறது. சிரிப்பைக் காணோம்.

அந்த நிழலை லியோனார்டோ எப்படிச் செய்தார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் மிகப் பெரிய ரகசியம். எல்லைக்கோடே இல்லாமல் புகை போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வண்ணம் கரைந்துபோகும் அந்த முறைக்கு இத்தாலியில் ஸ்ஃபுமாட்டோ என்று பேர். 2010-இல் ஃபிலிப் வால்டர் தலைமையிலான பிரெஞ்சுக் குழு, படத்திலிருந்து துளி வண்ணம்கூடச் சுரண்டாமல், எக்ஸ் கதிர் பாய்ச்சி முகத்தின் நிழல் பகுதிகளை அளந்தது. கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு, அதன் மேல் இன்னொன்று, மேலும் ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு பூச்சின் கனம் சில மைக்ரோமீட்டர். எல்லாம் சேர்ந்தே 30, 40 மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு தலைமுடியின் பருமனில் பாதி. தூரிகை போன தடம் எங்கேயும் தெரியாது. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரக்காரனால் ஆகிற வேலை இல்லை.

2005-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உணர்ச்சிகளை அறியும் கணினி நிரலிடம் இந்த முகத்தைக் காட்டினார்கள். 83 சதவீதம் மகிழ்ச்சி, 9 சதவீதம் அருவருப்பு, 6 சதவீதம் பயம், 2 சதவீதம் கோபம் என்று அது கணக்குச் சொன்னது. சதவீதம் போட்டதால் அது அறிவியலாகிவிடாது, விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

உதட்டை மட்டும் வரைய 12 ஆண்டுகள் ஆனதாமே?

ஆதாரம் இல்லை. நான்கு ஆண்டு உழைத்தும் முடிக்காமல் விட்டார் என்று வசாரி சொல்கிறார். 1503-இல் தொடங்கி, பத்து வருஷத்துக்கு மேல் கையோடு வைத்துக்கொண்டு அவ்வப்போது தொட்டுத் திருத்தினார் என்பது இன்றைய அறிஞர்கள் பலரின் கருத்து. அதில் உதட்டுக்கு எத்தனை நாள் என்று கணக்கு எழுதிவைத்தவர் யாருமில்லை.

எங்கே நின்றாலும் அவள் நம்மையே பார்க்கிறாளாமே?

தட்டையான எந்தப் படத்திலும், வரைந்த முகம் நேராகப் பார்த்தால், நீங்கள் நகர்ந்தாலும் பார்வை தொடரும். சாமி படம், தலைவர் படம், எல்லாவற்றிலும் இதுதான் நடக்கிறது. இதற்கு 'மோனலிசா விளைவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால், 2019-இல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 பேரிடம் சோதித்தபோது, மோனலிசாவின் பார்வை சராசரியாக 15 பாகைக்கு மேல் பார்ப்பவரின் வலப்பக்கம் விலகியிருப்பதாக முடிவு வந்தது. உங்கள் கண்ணைப் பார்க்கவில்லை, காதோரமாகப் பார்க்கிறாள். தன் பெயரால் வழங்கும் விளைவு தன்னிடமே இல்லாத பெண்!

புருவம் ஏன் இல்லை?

இருந்தது, போய்விட்டது என்பதே நம்பத்தக்க விடை. வசாரியின் வர்ணனையில் புருவ முடிகள் தோலிலிருந்து எப்படி முளைக்கின்றன, எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்றெல்லாம் விரிவாக வருகிறது. படத்தை மிக உயர்ந்த துல்லியத்தில் பல அலைநீளங்களில் படம்பிடித்த பிரெஞ்சுப் பொறியாளர் பஸ்கால் கோத், புருவத்தில் ஒற்றை முடியின் தடம் எஞ்சியிருப்பதாக 2007-இல் சொன்னார். பழைய காலத்தில் யாரோ சுத்தம் செய்தபோது மேல்பூச்சோடு புருவமும் துடைபட்டுப் போயிருக்கலாம்.

இன்னொரு சாட்சி ஸ்பெயினில் இருக்கிறது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் மோனலிசாவின் பிரதி ஒன்று நெடுங்காலமாகத் தொங்கியது. கறுப்புப் பின்னணி, பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 2012-இல் அந்தக் கறுப்பை அகற்றியபோது, அடியில் லூவர் படத்தில் உள்ள அதே மலையும் ஆறும் வெளிவந்தன. அதைவிடப் பெரிய விஷயம், லியோனார்டோ தன் படத்தின் அடிவரைவில் செய்த திருத்தங்கள் இந்தப் பிரதியின் அடிவரைவிலும் அப்படியே இருந்தன. குரு திருத்தத் திருத்த, பக்கத்தில் உட்கார்ந்து சீடர் ஒருவரும் திருத்திக்கொண்டே வரைந்திருக்கிறார். அந்தப் பிரதியில் புருவம் உண்டு. வானம் நீலம், கன்னம் சிவப்பு. லூவர் படம் இப்படிப் பழுப்பேறிக் கிடப்பதற்குக் காரணம் மேலே பூசிய வார்னிஷ் மஞ்சளானதுதான் என்பதை அதைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

அவள் கர்ப்பிணி என்கிறார்கள், நோயாளி என்கிறார்கள். எது சரி?

முதலாவதற்குச் சிறிது அடிப்படை உண்டு. 2004-இல் கனடா, பிரான்ஸ் அறிஞர்கள் படத்தை முப்பரிமாண லேசராலும் அகச்சிவப்புக் கதிராலும் ஆராய்ந்தார்கள். உடைக்கு மேல் வலை போன்ற மெல்லிய சல்லாத் துணி ஒன்று இருப்பது அதில் தெளிவானது. கர்ப்பிணிகளும் புதிதாகப் பிள்ளை பெற்றவர்களும் அக்கால இத்தாலியில் உடுத்தியது அது என்று அவர்கள் கருதினார்கள். லிசாவின் மகன் ஆந்திரேயா பிறந்தது 1502 டிசம்பரில். படம் தொடங்கியது 1503-இல். கணக்குப் பொருந்துகிறது. பேறுகாலத்தைக் கடந்துவந்த மனைவியைக் கொண்டாட ஒரு படம் என்பது இயல்பான காரணமும்கூட.

நோய்க் கதைகள் வேறு ரகம். கண்ணோரத்தில் மஞ்சள் திட்டு, ஆகவே கொழுப்பு. மஞ்சளான தோல், மெலிந்த முடி, ஆகவே தைராய்டு குறைபாடு. ஐந்நூறு வருஷப் பழைய வார்னிஷுக்குப் பின்னால் இருக்கும் முகத்துக்கு மருத்துவர்கள் நோய்ச்சீட்டு எழுதுகிறார்கள். மஞ்சள் நிறம் வார்னிஷுடையது. லிசாவோ பல பிள்ளைகளைப் பெற்று அறுபது வயதைத் தாண்டி வாழ்ந்தவர்.

லியோனார்டோ தன்னையேதான் பெண்ணாக வரைந்தாராமே? அல்லது அவருடைய சீடர் சலாயை?

1987-இல் லில்லியன் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்கக் கணினிக் கலைஞர், டூரின் நகரில் உள்ள சிவப்புச் சாக்கட்டி ஓவியத்தையும் மோனலிசாவையும் பாதிப்பாதியாக ஒட்டிப் பொருத்திக் காட்டினார். கண், மூக்கு, வாய் எல்லாம் நேர்க்கோட்டில் வந்தன. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால், டூரின் படத்தில் இருக்கும் தாடிக் கிழவர் லியோனார்டோதானா என்பதிலேயே வழக்கு இருக்கிறது. தவிர, ஒரே ஓவியர் கையிலிருந்து வரும் முகங்களில் அளவுகள் ஒத்துப்போவதில் அதிசயம் என்ன? முகத்துக்கு அளவுகோல் வைத்து வரைந்தவர் அவர்.

சலாய் கதையும் வின்செத்தியின் சரக்குதான். 1490-இல், பத்து வயதில் பட்டறைக்கு வந்து சேர்ந்த சுருட்டைமுடிப் பையன் சலாய். லியோனார்டோவின் வேறு சில படங்களில் அவன் சாயல் இருப்பதாகச் சொல்வார்கள். இந்தப் படத்துக்கு வெஸ்பூச்சியின் குறிப்பு இருக்கும்போது சலாயைத் தேடிப்போக அவசியமே இல்லை. அதே வின்செத்தி பிற்பாடு ஃபிளாரன்ஸின் சான்த் ஓர்சொலா மடத்தைத் தோண்டி லிசாவின் எலும்பைத் தேடினார். லிசா அங்கே அடக்கமானது உண்மை. கிடைத்த எலும்புகள் அவருடையவைதாம் என்று நிறுவ முடியவில்லை. மாடல் சலாய் என்றால் லிசாவின் மண்டையோடு எதற்கு என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

படத்துக்கு அடியில் வேறொரு பெண்ணின் படம் இருக்கிறதா?

2015-இல் பஸ்கால் கோத் அப்படித்தான் சொன்னார். ஒளியின் எதிரொளிப்பைக் கணித்து அடுக்கடுக்காகப் பிரித்தபோது, வேறு பக்கம் பார்க்கும், சிரிக்காத ஒரு முகம் தெரிந்ததாகவும், அதுவே உண்மையான லிசா என்றும் அவர் வாதம். லியோனார்டோ ஆய்வில் மூத்தவரான ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் மார்ட்டின் கெம்ப் இதை ஒப்பவில்லை. தனித்தனிப் படங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இல்லை, ஒரே படம் தொடர்ந்து மாறிக்கொண்டு வந்திருக்கிறது என்றார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. இடக்கை விரல்களின் நிலையை லியோனார்டோ மாற்றியிருக்கிறார் என்பது 2004 ஆய்விலேயே தெரிந்த விஷயம். திருத்தாமல் எந்தப் படத்தையும் விட்ட மனிதர் அல்ல அவர்.

கோத்தின் வேலையை அப்படியே தள்ளிவிடவும் கூடாது. 2020-இல் அவர் வெளியிட்ட ஒரு முடிவு கவனிக்கத்தக்கது. நெற்றியோரத்திலும் கையிலும் கரிப்பொடிப் புள்ளிகளின் தடம் இருக்கிறதாம். முதலில் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, மேலே கரிப்பொடி மூட்டையைத் தட்டி உருவத்தைப் பலகைக்கு இறக்கும் முறை அது. நம் வாசலில் அச்சுக்கோலம் போடுவதும் இதே உத்திதான். உலகப் புகழ் ஓவியம் இப்படித் தொடங்கியது என்பது, கண்ணுக்குள் எழுத்தைவிட எனக்குச் சுவையான செய்தி.

2023-இல் இன்னொன்று. படச்சட்டம் மறைக்கும் வலது மேல் ஓரத்திலிருந்து 2007-இல் எடுத்த, கண்ணுக்கே தெரியாத துணுக்கு ஒன்றை பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற துகள்முடுக்கியின் எக்ஸ் கதிரில் சோதித்தார்கள். அடிப்பூச்சில் பிளம்போனாக்ரைட் என்ற அரிதான ஈயச் சேர்மம் இருந்தது. எண்ணெயில் ஈய ஆக்சைடைக் கலந்து சூடாக்கி, கெட்டியாகவும் சீக்கிரம் காயும்படியும் லியோனார்டோ தானே பக்குவம் செய்திருக்கிறார் என்பதற்கு அது தடயம். அதற்கு முன் அந்தச் சேர்மம் தென்பட்டது ரெம்பிராண்ட் போன்ற 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் படங்களில்தான்.

பின்னணியில் இருக்கும் ஊர் எது?

கேட்டவுடன் பதில் சொல்ல இத்தாலியில் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். அரெத்சோ அருகே புரியானோ பாலம் என்கிறார்கள். பொப்பியோ என்கிறார்கள். 2023-இல் லத்தேரினா அருகே இடிந்துகிடக்கும் ரோமீத்தோ பாலம் என்று சொன்னவர் நம் பழைய நண்பர் வின்செத்தி. 2024-இல் புவியியல் அறிஞர் ஒருவர், பாறை அமைப்பை வைத்து வடக்கே லெக்கோ ஏரிப் பகுதி என்றார். சுற்றுலா வருமானம் இதில் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இடப்பக்கத் தொடுவானம் வலப்பக்கத்தைவிடத் தாழ்ந்து இருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஒரே நிலப்பரப்பாகச் சேராது. இது புகைப்படம் மாதிரி ஓர் இடத்தைப் பதிவுசெய்த காட்சி இல்லை. அந்தக் காலத்தில் லியோனார்டோவின் குறிப்பேடுகள் முழுக்க ஆறும் நீரும் பாறையும்தான். பூமிக்குள் நீர் ஓடுவதை உடலில் ரத்தம் ஓடுவதோடு ஒப்பிட்டு எழுதிவந்தார். மோனலிசாவின் பின்னால் வளைந்து வரும் பாதையும் ஆறும் அவள் உடையின் மடிப்போடும் கூந்தலின் சுருளோடும் ஒரே தாளத்தில் போவதை நீங்களே பார்க்கலாம். படத்தில் 'செய்தி' என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது.

படத்தின் இரு பக்கமும் தூண்கள் இருந்து, வெட்டிவிட்டார்களா?

இல்லை. பலகையின் விளிம்பில் வண்ணம் நின்றுவிடும் ஓரம் அப்படியே இருக்கிறது. வெட்டியிருந்தால் அது போயிருக்கும்.

1911-இல் திருடுபோனபின் திரும்பி வந்தது போலிதான் என்கிறார்களே?

திருட்டு நடந்தது 1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை, அருங்காட்சியகம் மூடியிருந்த நாள். செய்தவர் வின்சென்சோ பெருஜியா. லூவரின் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் வேலை பார்த்திருந்த இத்தாலியத் தொழிலாளி. படம் காணவில்லை என்பதே மறுநாள்தான் தெரிந்தது. கவிஞர் அப்பொலினேர் சிறையில் தள்ளப்பட்டார், பிகாசோவை விசாரித்தார்கள். படமோ இரண்டு ஆண்டுக்கு மேல் பாரிஸிலேயே பெருஜியாவின் அறையில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. 1913 டிசம்பரில் ஃபிளாரன்ஸில் ஒரு கலைப்பொருள் வியாபாரியிடம் கொண்டுபோனபோது பிடிபட்டார்.

உஃபீத்சி அருங்காட்சியக இயக்குநர் ஜோவான்னி போஜ்ஜி படத்தைச் சோதித்தார். அதற்கு அவருக்குப் பெரிதும் உதவியது எது தெரியுமா? பழைய புகைப்படங்களில் பதிவாகியிருந்த அதே விரிசல் வலை. ஒருவர் படத்தைப் பார்த்து இன்னொருவர் வரையலாம். பலகை தானாக விட்ட ஆயிரக்கணக்கான வெடிப்புகளை அப்படியே நகலெடுக்க முடியாது. அதாவது, ரகசிய எழுத்து என்று சிலர் படிக்கும் அதே கீறல்கள்தாம் படத்தின் கைரேகை.

வால்ஃபியெர்னோ என்ற மோசடிக்காரர் ஆறு போலிகளைப் பணக்காரர்களுக்கு விற்கவே இந்தத் திருட்டை ஏற்பாடு செய்தார் என்ற கதை 1932-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. அந்த ஆறில் ஒன்றுகூட இதுவரை தலைகாட்டவில்லை.

இந்த மர்மப் பேச்சு எப்போது தொடங்கியது? அந்தக் காலத்திலேயே இருந்ததா?

வசாரியைப் படித்தால் மர்மம் என்ற பேச்சே இருக்காது. கழுத்துக்குழியை உற்றுப் பார்த்தால் நாடி துடிப்பது தெரியும் என்கிறார். லிசா சோர்ந்துவிடாமல் இருக்க, வரையும்போது பாட்டுக்காரர்களையும் விகடர்களையும் அமர்த்தினார்கள் என்கிறார். அவருக்கு இது உயிருள்ளது போலத் தோன்றும் படம், புதிர் இல்லை. முந்நூறு ஆண்டுகள் கழித்து, 19-ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள்தான் அவளை ஆபத்தான அழகியாக்கினார்கள். 1869-இல் ஆங்கில விமர்சகர் வால்டர் பேட்டர், தன்னைச் சுற்றியுள்ள பாறைகளைவிட அவள் மூத்தவள் என்று எழுதினார். 1910-இல் சிக்மண்ட் ஃபிராய்டு அந்தச் சிரிப்பில் லியோனார்டோவின் தாயைக் கண்டார். அடுத்த ஆண்டே திருட்டு. உலகத்தின் எல்லாப் பத்திரிகைகளிலும் முகம் வந்தது. காலியான சுவரைப் பார்க்கக்கூடக் கூட்டம் வந்தது. இன்றைய மோனலிசா அங்கே பிறந்தவள்.

அப்படியானால் விடை தெரியாத கேள்வி எதுவுமே இல்லையா?

இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், மர்மம் பேசுபவர்கள் இதைத் தொடுவதே குறைவு.

வணிகர் பணம் கொடுத்து மனைவியை வரையச் சொன்னார் என்றால், படம் ஏன் அந்த வீட்டுக்குப் போகவில்லை? லியோனார்டோ அதை 1516 வாக்கில் பிரான்ஸுக்கே கொண்டுபோனார். 1517 அக்டோபரில், அம்புவாஸில் அவரைப் பார்க்க ஒரு கர்தினால் வந்தார். கர்தினாலின் செயலர் அந்தோனியோ தே பேயாதிஸ் அன்று நாட்குறிப்பில் எழுதினார்: ஃபிளாரன்ஸ் பெண் ஒருத்தியை நேரில் பார்த்து வரைந்த படம், காலஞ்சென்ற ஜூலியானோ தே மெதிச்சியின் விருப்பத்தின் பேரில் வரைந்தது. ஃபிளாரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்து ஜூலியானோவுக்கும் பட்டு வணிகரின் மனைவிக்கும் என்ன சம்பந்தம்? செயலர் தவறாகக் கேட்டுக்கொண்டாரா? அல்லது அன்று காட்டியது வேறொரு படமா? பசிஃபிக்கா பிரந்தானோ போன்ற வேறு பெண்களின் பெயர்கள் வாதத்துக்குள் நுழைவது இந்த வரியின் வழியாகத்தான்.

என் ஊகம் இது: லிசாவின் படமாகத் தொடங்கி, முடியாமல் கையிலேயே தங்கி, பிறகு ஜூலியானோவின் ஆதரவில் இருந்த ரோம் நாட்களில் அவர் ஆர்வம் காட்டியதால் மறுபடி கையில் எடுக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் வெஸ்பூச்சியும் பேயாதிஸும் இருவருமே உண்மையைத்தான் எழுதினார்கள். இதை நிரூபிக்கும் தாள் எதுவும் கையில் இல்லை. ஹைடல்பர்க்கில் கிடைத்தது போல இன்னொரு புத்தகத்தின் ஓரத்தில் கிடைக்கலாம்.

பாரிஸ் போகிறேன். நேரில் எதைப் பார்க்க வேண்டும்?

படம் லூவரின் சால் தேஸ் எதா என்ற பெரிய கூடத்தில், குண்டு துளைக்காத கண்ணாடிக்குள் இருக்கிறது. கைப்பேசிகளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், ஒரு நிமிஷம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கண்மணியில் எழுத்தைத் தேடி அந்த நிமிஷத்தை வீணாக்க வேண்டாம். அந்தத் தூரத்திலிருந்து கண்மணியே சரியாகத் தெரியாது. முதலில் கண்ணையும் பிறகு வாயையும் பாருங்கள், சிரிப்பு போவதும் வருவதும் பிடிபடும். பிறகு கைகள். நகைகள் எதுவும் இல்லாத அந்தக் கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வெளியே வந்ததும் பக்கத்திலுள்ள பெரிய காட்சிக்கூடத்தில் லியோனார்டோவின் 'பாறைகளின் கன்னி'யும் வெஸ்பூச்சி குறிப்பிட்ட அன்னாவின் படமும் இருக்கின்றன. அங்கே தள்ளுமுள்ளு இல்லை. அன்னாவின் முகத்தில் அதே சிரிப்பை அருகில் நின்று, வேண்டிய நேரம் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை லூவருக்கு விடுமுறை.